மாதம் பார்த்து வாருங்கள்: யாழ்ப்பாணத்தில் சாப்பாடும் திருவிழாவும் ஊர் சுற்றலும்

யாழ்ப்பாணத்துக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, என்னென்ன இடம் பார்க்கலாம் என்பது. எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த ஊரைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது கேள்விதான் பெரியது. கோட்டையும் நூலகமும் எந்த நாளும் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் நுங்கு வெட்டும் காலத்தில் பனங்கிழங்கு கிடைக்காது. பட்டம் ஏற்றும் வாடைக்காற்று ஆவணியில் வீசாது. நல்லூர்த் தேர் பார்த்த கையோடு நண்டுக்கறியும் ஒடியல் கூழும் சாப்பிட்டுவிடலாம் என்று வருபவர்கள், ஊரில் பாதி வீடு மரக்கறிக்கு மாறியிருப்பதைக் கண்டு திகைத்துப் போவார்கள். ஆகவே என்ன ஆசையோடு வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திகதியைப் பிறகு குறிக்கலாம்.

எந்த மாதம் வந்தாலும் மூன்று இரவாவது தங்குங்கள். பெரிய பஸ் பிடித்து வந்து, ஒன்றரை நாளில் நூலகம், நல்லூர், நயினாதீவு என்று ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பும் கூட்டங்களைத் தினமும் காண்கிறோம். அவர்கள் எவருக்கும் இந்த ஊரின் பின்னேரம் கிடைப்பதில்லை. வெயில் சாய்ந்த பிறகுதான் இங்கே சனம் வெளியே வருகிறது. கோயில் மேளம் கேட்பதும், வீதியோரத்தில் வடை பொரிவதும், பண்ணைக் கடல் நிறம் மாறுவதும் அப்போதுதான்.

வருவதும் சுற்றுவதும்

கொழும்பிலிருந்து யாழ்தேவி உட்படப் பல ரயில்கள் வருகின்றன. பயணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போரினால் அறுந்துபோன பாதை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டது. தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்குச் சென்னை–பலாலி விமானம் உண்டு. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மழைமாதங்களில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எதில் வந்தாலும் புறப்படும் நாளையும் நேரத்தையும் முந்திய கிழமை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் சுற்றச் சைக்கிளே சிறந்தது. மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத நிலம். பல விடுதிகளில் வாடகைக்குத் தருவார்கள். ஓட்டோவில் போவதானால் ஏறுமுன் காசைக் கதைத்து முடிவு செய்யுங்கள், அல்லது பிக்மீ செயலியில் அழையுங்கள். நடு மத்தியானத்தில், குறிப்பாகச் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் சைக்கிளில் வெளிக்கிட வேண்டாம்.

நாளும் பொழுதும் சாப்பாடு

யாழ்ப்பாணச் சாப்பாட்டின் உயிர் அதன் தூளில் இருக்கிறது. செத்தல் மிளகாயும் மல்லியும் பெரும்பங்கு. சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, பதமாக வறுத்து இடித்தது. கறி சிவந்தும் கறுத்தும் இருப்பதற்கும், வெளியூர்க்காரருக்கு முதல் வாயிலேயே உறைப்பதற்கும் காரணம் அந்தத் தூள்தான். உறைப்புத் தாங்காதவர்கள் அதற்காகக் கறியைத் தள்ளி வைக்க வேண்டாம். பாற்சொதியை நிறைய விட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கித் தேசிக்காய் விட்ட மஞ்சள் சொதி இங்கே எல்லாச் சாப்பாட்டோடும் வரும்.

காலையும் இரவும் இடியப்பம், பிட்டு, தோசை, அப்பம். பிட்டை அவிப்பது நீத்துப்பெட்டியில். பனையோலையால் கூம்பாக இழைத்த பெட்டி அது. பானை வாயில் அதைச் செருகி, மாவும் தேங்காய்ப்பூவும் கலந்து போட்டு அவித்தால் ஓலை மணம் மாவில் ஏறும். அலுமினியக் குழலில் அவித்ததில் அந்த மணம் இல்லை. தங்குமிடம் தேடும்போதே காலைச் சாப்பாட்டைச் சமைத்துத் தரும் வீட்டு விடுதியாகத் தேடச் சொல்வது அதற்காகத்தான். இந்த ஊரின் நல்ல பிட்டும் இடியப்பமும் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. "அம்மா, நாளைக்கு விடியப் பிட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் தாறீங்களா?" என்று முதல்நாள் இரவே கேட்டு வையுங்கள். முகம் மலர்ந்து செய்து தருவார்கள்.

மத்தியானம் சோறு. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு கிடைக்கிறதா என்று கேளுங்கள். பருத்த, சிவந்த புழுங்கல் அரிசி. அந்தத் தூளின் காரத்துக்கு ஈடுகொடுக்கும். மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பெரியகடையில் உள்ள மலாயன் கபே பல தலைமுறை கண்ட கடை. வாழையிலை போட்டுப் பரிமாறுவார்கள். முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், வாழைப்பொத்தி வறை இவற்றில் ஏதாவது அன்றைக்கு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமைகளில் இந்துக்கள் வீட்டில் மச்சம் சமைப்பது குறைவு. அதனால் மீன், நண்டு, கணவாய் என்று வருபவர்கள் சனி, ஞாயிறை அதற்கு ஒதுக்குங்கள். காலையில் பாஷையூர் அல்லது குருநகர் மீன்சந்தைக்குப் போனால் களங்கடலிலும் ஆழ்கடலிலும் பிடித்தது எல்லாம் நிலத்தில் குவிந்திருக்கும். நண்டு வாங்கும்போது உயிரோடு இருப்பதாகவும், கையில் தூக்கினால் பாரமாகவும் பார்த்து எடுங்கள். நிலாக்காலத்து நண்டில் சதை வற்றிப் போகும் என்பது கடற்கரையில் எல்லோரும் சொல்வது; பூரணையை ஒட்டி வந்தால் விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் உண்மையைச் சொல்வார். வாங்கிய நண்டை வீட்டு விடுதியில் கொடுத்தால் முருங்கையிலை போட்டுக் கறி வைத்துத் தருவார்கள். கடையில் சாப்பிடும் நண்டுக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

கூழ்

ஒடியல் கூழுக்குத் தனியாக இடம் ஒதுக்கவேண்டும். கடைகளில் எந்த நேரமும் கிடைக்கும் சாப்பாடு அன்று அது. சில உணவகங்கள் வார இறுதியில் வைக்கின்றன. மற்றபடி முதல்நாளே சொல்லி வைக்க வேண்டும், அதுவும் நாலைந்து பேருக்குக் குறையாமல். கூழ் தனியாளுக்குக் காய்ச்சுவதில்லை.

பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் ஒரு கைப்பு உண்டு. அதனால் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, அந்தக் கைப்பை இறக்குகிறார்கள். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் வேகும். அவை அரைவேக்காடாகும்போது மீன்தலை, நண்டு, இறால் உள்ளே போகும். கடைசியில் கரைத்த ஒடியல் மா, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. மா விழுந்ததும் பானை தடிக்கத் தொடங்கும். விடாமல் துழாவ வேண்டும். முருங்கையிலையைப் போட்டு இறக்கிவிடுவார்கள். பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றி, ஆவி பறக்க, நெற்றி வியர்க்கக் குடிப்பது முறை. கோப்பையில் கரண்டியோடு தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிளா கிடைத்தால் அதிலேயே குடியுங்கள். வயிறு நிறைந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு வேறு சாப்பாடு சொல்லி வைக்காதீர்கள்.

ஆடிக்கூழ் வேறு. ஆடி முதலாம் நாள், அதாவது யூலை நடுவில், ஆடிப்பிறப்பன்று வீடுகளில் காய்ச்சுகிற இனிப்புக் கூழ். வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. கூடவே கொழுக்கட்டையும் அவிப்பார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் இந்த நாளைப் பற்றி எழுதிய பாட்டை இங்கே படித்த பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நாளில் ஊரில் நின்றால், தெரிந்த வீடு ஒன்று இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் பொது இடத்தில் காய்ச்சி வருவோர் போவோருக்கெல்லாம் ஊற்றிக் கொடுப்பதைக் காணலாம்.

பனையின் மற்றச் சாப்பாடுகளும் மாதக் கணக்கில்தான் வரும். நுங்கு சித்திரை பிறந்த பின் ஆனி வரை. பனம்பழம் ஆவணி, புரட்டாசியில். அப்போது வீடுகளில் பனங்காய்ப் பணியாரம் சுடுவார்கள், வீதியில் போகும்போதே மணக்கும். பனங்கிழங்கு தை, மாசியில் சந்தைக்கு வரும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் நுங்கின் காலத்தோடு ஒட்டி வரும். சாவகச்சேரிச் சந்தையில் வாங்குங்கள். வெளியூரில் அந்தப் பெயரில் விற்பதைச் சாப்பிட்டுவிட்டு அதுதான் கறுத்தக்கொழும்பான் என்று நினைத்திருப்பவர்கள் பலர்.

நல்லூர் 25 நாள்

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாளளவில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும். 25 நாள் திருவிழா. ஆவணி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முதல்நாள் தேர். இந்தக் கணக்கு தெரிந்தால் எந்த ஆண்டுக்கும் நாட்காட்டியைப் பார்த்து நீங்களே ஏறத்தாழ நாள் குறிக்கலாம். பெரும்பாலும் யூலைக் கடைசிக்கும் செப்ரெம்பர் நடுவுக்கும் இடையில் விழும்.

எல்லோரும் தேருக்கு வருகிறார்கள். உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் தேருக்கே வாருங்கள். காலை 7 மணியளவில் தேர் இருப்பை விட்டு நகரத் தொடங்கிவிடும். இந்தக் கோயிலின் நேரம் தவறாமை ஊரறிந்தது. எட்டு மணிக்கு ஆறுதலாக வந்தால் சுவாமி பாதி வீதி சுற்றியிருப்பார். ஆனால் நாளைத் தெரிவு செய்ய இடமிருந்தால் நான் சொல்வது பத்தாம் திருவிழா மஞ்சத்தையும், அதற்குப் பிறகு வரும் சாதாரண நாட்களின் பின்னேரங்களையும்தான். சனம் இருக்கும், நெரிசல் இருக்காது. வெளிவீதியின் வெள்ளை மணலில் உட்கார்ந்து, சுவாமி வீதி வலம் வரும்போது நாதஸ்வரமும் தவிலும் கிட்ட வருவதையும் தள்ளிப் போவதையும் முழுவதாகக் கேட்கலாம். தேருக்கு இரண்டு நாள் முன் காலையில் மாம்பழத் திருவிழா. பிள்ளையாரும் முருகனும் மாம்பழத்துக்குப் போட்டியிட்ட கதையை நடத்திக் காட்டுவார்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் அந்த நாளைத் தெரிவு செய்யுங்கள். மறுநாள் பின்னேரம் சப்பறம்.

சில ஒழுங்குகள். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் போகவேண்டும், வேட்டி நல்லது. பெண்கள் சேலையோ உடலை மூடிய வேறு உடையோ உடுத்தலாம். திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்துவிடுவார்கள், வாகனம் உள்ளே போகாது. செருப்பையும் அந்த எல்லையிலேயே கழற்ற வேண்டும். மத்தியான வெயிலில் வெறுங்கால் சுடும், காலையிலோ பின்னேரமோ போங்கள். அதிகாலையில் பிரதட்டை செய்பவர்கள் வீதியில் உருண்டு வருவார்கள், அடிக்கொரு தரம் விழுந்து கும்பிட்டு அடியழிப்பவர்கள் பின்னால் வருவார்கள். வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்களின் முகத்துக்கு நேரே தொலைபேசியைப் பிடித்துப் படம் எடுப்பதைக் காணும்போது மனம் நோகிறது. நேர்த்தி வைத்தவரின் நோவு அது, காட்சிப் பொருள் இல்லை.

கோயிலைச் சுற்றித் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கும். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் யாரும் வாங்கிக் குடிக்கலாம், காசு இல்லை. கச்சான் கடைகள் வரிசையாக இருக்கும். வறுத்த கச்சானைச் சுடச்சுடச் சுருளில் வாங்கிக்கொண்டு நடப்பது திருவிழாவின் ஒரு பகுதி. கச்சான் அல்வா, தும்புமிட்டாய் எல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். கோயிலுக்குக் கிட்ட ரியோ ஐஸ்கிறீம் கடை. திருவிழா இரவுகளில் அங்கே இருக்கை கிடைப்பதே பெரிய பாடு. நல்லை ஆதீனத்திலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் இசைக் கச்சேரி, சொற்பொழிவு என்று இரவு வரை நடக்கும். அனுமதிச் சீட்டு ஒன்றும் கிடையாது, போய் இருந்தால் சரி.

தங்குமிடத்தை இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்பமாக வந்து இறங்கும் காலமும் இதுதான்.

நல்லூருக்கு முன்னாலும் பின்னாலும் திருவிழா தொடர்ந்து ஓடுகிறது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடியும். அங்கே கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊற்றுக் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. அந்த அமாவாசையில் பிதிர்க்கடன் தீர்க்கப் பெருங்கூட்டம் வரும், குளிப்பதற்காக மட்டும் போகிறவர்கள் வேறு நாள் போங்கள். நல்லூர் முடியும் கையோடு தொண்டைமானாறு செல்வச்சந்நிதி. வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்யும் கோயில் அது. சுற்றியுள்ள மடங்களில் அன்னதானம் உண்டு. சாதி, ஊர், பெயர் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பந்தியில் இருந்து சாப்பிட்டு எழும்புங்கள்.

தீவுகள்: ஒரு நாளுக்கு ஒன்று

பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து புங்குடுதீவு, அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அதுவரை பஸ்ஸிலோ வாகனத்திலோ போகலாம். பாதையின் இருபுறமும் களங்கடல். மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையில் வந்தால் வலசை வந்த பறவைகளைக் காணலாம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயல்வதுதான் பலர் விடும் பிழை. நெடுந்தீவுக்கு ஒரு முழு நாள் வேண்டும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஆனி மாதத்தில் அம்மன் கோயிலின் 16 நாள் திருவிழா. அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும்.

நெடுந்தீவுக்குக் காலை முதல் படகிலேயே போய்விடுங்கள். இறங்கியதும் கேட்க வேண்டியது, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது. வாகனக்காரர்கள் துறையிலேயே நிற்பார்கள். "அண்ணை, எல்லா இடமும் சுற்ற எவ்வளவு?" என்று கேட்டுப் பேசி ஏறுங்கள். முருகைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள் தீவெங்கும் ஓடுகின்றன. மரவேலி, கம்பிவேலி கண்ட கண்ணுக்கு அதுவே முதல் அதிசயம். பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு எல்லாம் பார்க்கலாம். மேற்குப் புல்வெளியில் குதிரைகள் நிற்கும்; போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. வரட்சி மாதங்களில் அவை தண்ணீருக்குத் தவிக்கும். கிட்டப் போய் விரட்டாதீர்கள், கொண்டு போன பிளாஸ்டிக்கை அங்கே விட்டுவராதீர்கள். சோழகக் காற்று பலமாக வீசும் வைகாசி முதல் ஆவணி வரை கடல் தூக்கியடிக்கும். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தை, மாசி, பங்குனியில் போவது நல்லது. தண்ணீர், கைக்காசு, தொப்பி மூன்றும் கட்டாயம்.

காரைநகரின் கசூரினா கடற்கரைக்குப் படகு வேண்டாம், பொன்னாலைப் பாலத்தால் போகலாம். அலை குறைந்த, நெடுந்தூரம் ஆழமில்லாத கடல். கிழமை நாட்களில் போங்கள், ஞாயிறு திருவிழாக் கூட்டம்தான்.

வடமராட்சிக்கு ஒரு நாள்

நகரத்தில் தங்கி வடமராட்சியை விட்டுவிட்டுத் திரும்புபவர்களுக்காக வருந்துகிறேன். காலையில் பருத்தித்துறை. ஓடக்கரையில் வீடுகளில் பெண்கள் சுட்டு விற்கும் தோசை அங்கே பேர்பெற்றது. பிறகு பருத்தித்துறை வடை: உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, உள்ளங்கை அளவில் மெல்லிசாகத் தட்டிப் பொரித்தது. நாள்கணக்கில் இருக்கும், முறுமுறுப்பு போகாது. துறைமுகப் பக்கம் கடலைப் பார்த்துவிட்டு வல்லிபுரம் போங்கள். ஆழ்வார் கோயிலுக்குப் புரட்டாசியில் திருவிழா. அதற்கு அப்பால் மணற்காடு. பெயருக்கு ஏற்றபடி மணல் மேடுகள். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நடக்கலாம், அதற்கு முன் மணல் காலைப் பொசுக்கிவிடும்.

தைப்பொங்கலன்று வந்தால் இந்தத் திட்டத்தை மாற்றி வல்வெட்டித்துறைக்குப் போய்விடுங்கள். உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி. கொக்கு, பிராந்து, படலம், எட்டுமூலை என்று ஊரில் நாங்கள் சின்ன வயதில் கட்டியவை ஒருபுறம் இருக்க, போட்டிக்கு வருபவை பல பேர் தூக்கி வரவேண்டிய பெரும் உருவங்கள். கப்பல், விமானம், பறவை, தேர் என்று மாதக்கணக்கில் கட்டியவை. சனம் நெருங்குவதற்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். திரும்புவதற்கான வாகனத்தையும் காலையிலேயே பேசி வையுங்கள். அந்த மாதத்தில் இரவில் வடமராட்சியில் தங்கினால் இன்னொன்று கேட்கும். பட்டத்தின் தலையில் வில் போல வளைத்த தடியில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். அதற்கு விண் என்று பெயர். விண் பூட்டிய பட்டத்தை ஏற்றி, கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். விடிய விடிய வானத்தில் அது கூவிக்கொண்டே நிற்கும், காற்று ஏறினால் குரலும் ஏறும்.

கூத்து, மேளம், பந்து

நிகழ்ச்சிகளை அறிய உதயன், வலம்புரி போன்ற ஊர்ப் பத்திரிகைகளைக் காலையில் வாங்கிப் பாருங்கள். சுவரொட்டிகளையும் கவனியுங்கள், இங்கே பாதிச் செய்தி மதிலில்தான்.

பங்குனி தொடங்கி அம்மன் கோயில்களில் பொங்கலும் குளிர்த்தியும் நடக்கும் மாதங்களில் காத்தவராயன் கூத்து இரவிரவாக ஆடுவார்கள். பாயும் போர்வையும் கொண்டு போய் மணலில் இருந்து பார்ப்பது வழக்கம். குருநகர், பாஷையூர்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களுக்குத் தனிக் கூத்து மரபு உண்டு. மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில் மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகம், எந்தச் சமயத்தவரும் பார்க்க வேண்டியது. இசைநாடகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நடிகமணி வி. வி. வைரமுத்து நடித்த மயான காண்டத்தை நேரில் பார்த்தவர்கள் அதைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். அந்த நாடகத்தை இளையவர்கள் ஆடுவதாக அறிவிப்பு கண்டால் போய்விடுங்கள்.

தவில் கேட்க இணுவில், அளவெட்டிப் பக்கம் கோயில் திருவிழா எங்கே என்று விசாரியுங்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வரம் என். கே. பத்மநாதனும் வளர்ந்த மண். பெரிய திருவிழா இரவுகளில் பல சோடி மேளம் ஒரே மேடையில் அமர்ந்து நள்ளிரவு தாண்டியும் வாசிக்கும். தைப்பூசத்தன்று இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சம் வீதிக்கு வரும். மரச்சிற்பம் பார்க்கத் தெரிந்தவர்கள் அதன் முன் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள்.

மார்ச்சில் வந்தால் இன்னொரு திருவிழா, துடுப்பாட்டத் திருவிழா. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதும் வடக்கின் பெருஞ்சமர். மூன்று நாள் ஆட்டம், கோட்டைக்குக் கிட்ட மத்திய கல்லூரி மைதானத்தில். நரைத்த தலையோடு பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து பாண்ட் வாத்தியத்துக்கு ஆடுவார்கள். விளையாட்டு விளங்காவிட்டாலும் ஒரு பின்னேரம் இருந்து பாருங்கள். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவையும் படம் பார்ப்பவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் அரை நாள்

போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகப் பெருப்பித்த கோட்டைக்குப் பின்னேரம் போய் மதில்மேல் நடந்து பண்ணைக் கடலைப் பாருங்கள். நல்லூர்ப் பக்கம் மந்திரிமனை, யமுனா ஏரி இரண்டையும் சைக்கிளில் எட்டிப் பார்க்கலாம்.

நூலகத்துக்கு அவசரமாகப் போகாதீர்கள். 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஏட்டுச்சுவடிகள் போயின, அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. திருத்திக் கட்டி 2003இல் திறந்தார்கள். இப்போது பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கும் இடம், அதனால் சத்தம் போடாமல், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, பார்வையாளருக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் போங்கள். வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவதைவிட, உள்ளே ஓர் இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்து எதையாவது வாசித்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்த பண்பாட்டு மையம். 2025இல் திருவள்ளுவர் பெயரைச் சூட்டினார்கள். அன்றைக்கு நிகழ்ச்சி ஏதும் உண்டா என்று வாசலில் கேளுங்கள்.

கொண்டு போக

பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, ஓலையில் இழைத்த பெட்டிகள் கிடைக்கும். குட்டான் என்ற சிறு ஓலைக்கூட்டில் வார்த்த பனங்கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்டால் இளகும், அதனால் மூடி இறுக்கிய தகரத்தில் வையுங்கள். பருத்தித்துறை வடையைத் திரும்பும் நாளுக்கு முதல்நாள் வாங்கினால் போதும். தூளைக் கடையில் வாங்குவதைவிடத் தங்கிய வீட்டில் கேட்டால் தங்களுக்கு இடித்ததில் கொஞ்சம் தருவார்கள், அல்லது திரிக்கும் ஆலையைக் காட்டுவார்கள். இரண்டு மூன்று பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள். உடுப்புப் பெட்டிக்குள் கொட்டினால் துவைத்தாலும் அந்த மணம் போகாது.